தொடக்கநிலை வகுப்பில் தொண்டூழியம்: எவ்வளவு உதவலாம்?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறான். பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேர்ந்து, வாரத்தில் ஒருநாள் அவனுடைய தமிழ் வகுப்பில் பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் உதவி வருகிறேன். ஊரில் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணிபுரிந்த அனுபவம் எனக்கு உண்டு. மெதுவாகப் படிக்கும் மூன்று பிள்ளைகளுடன் உட்காரும்படி ஆசிரியை சொன்னார். அவர்களில் ஒரு சிறுமி ஒரு சொல்லை எழுத வராமல் அழுதுவிட்டாள். மனம் பொறுக்காமல் நானே எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, வேறொரு தாளைக் கொடுத்து அவளை மீண்டும் எழுதச் சொன்னார். எனக்குப் பெரும் சங்கடமாகிவிட்டது. பிள்ளைகள் பேச்சுத்தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் சொல்வதை அவர் ஏற்றுக்கொள்கிறார். நான் திருத்தினால் அவர்கள் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். நான் வகுப்பில் இருக்கும் நாளில் என் மகன் அடம்பிடிக்கிறான். போதாக்குறைக்கு, தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில், “என் பிள்ளை எப்படிப் படிக்கிறது?” என்று கேட்கிறார்கள். நான் இதைத் தொடரலாமா? பின்னாளில் பள்ளியில் வேலை கிடைக்க இது உதவுமா?

— செங்காங் வாசகி

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். தாராளமாகத் தொடருங்கள். ஒரு தாள் திரும்பி வந்ததற்காக விலகவேண்டிய அவசியமில்லை. விலகினால் இழப்பு அந்த மூன்று பிள்ளைகளுக்குத்தான். ஆனால், எவ்வளவு உதவுவது, எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்வது என்பதில் நீங்கள் இதுவரை செய்து வந்ததைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே கிளம்புகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்த ஆசிரியையின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் ஒரு வகுப்புக்குச் சுமார் 30 பிள்ளைகள் இருப்பார்கள். தாய்மொழிப் பாடத்திற்காக வெவ்வேறு வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் பிரிந்து வந்து ஒன்றுசேர்வதால், தமிழ் வகுப்பில் எண்ணிக்கை இதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். எண்ணிக்கை குறைவு என்பதால் வேலை எளிது என்று நினைத்துவிட முடியாது. பாட்டியின் மடியில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளையும், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்கும் பிள்ளையும், தெலுங்கோ மலையாளமோ பேசும் குடும்பத்திலிருந்து தமிழைப் பாடமாக எடுத்துக்கொண்ட பிள்ளையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழே என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. வாரத்தில் சில மணி நேரமே கிடைக்கும் தமிழ்ப் பாடவேளையில் இத்தனை வகைப் பிள்ளைகளையும் ஒருவரே கவனிப்பது கடினம் என்பதை ஆசிரியராக இருந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, உங்களைப் போன்ற ஒருவர் வகுப்பில் இருப்பது அவருக்குப் பெரிய துணை.

அந்தத் துணை எப்போது பயன் தருகிறது, எப்போது பயன் தராமல் போகிறது என்பதைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். லண்டனில் கல்வியியல் பேராசிரியராக இருந்த பீட்டர் பிளாட்ச்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் 2003க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் வகுப்பறை உதவியாளர்களின் பணி மாணவர்களுக்கு எந்த அளவு பயன்படுகிறது என்று ஆராய்ந்தார்கள். சுமார் 8,200 மாணவர்களின் முன்னேற்றத்தை அவர்கள் கவனித்தார்கள். உதவியாளரிடம் அதிக உதவி பெற்ற பிள்ளைகள், அதே நிலையில் இருந்து குறைந்த உதவி பெற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள் என்பது அவர்களே எதிர்பாராத முடிவு. நன்றாகப் படிக்காத பிள்ளைகளுக்குத்தானே அதிக உதவி கிடைத்திருக்கும் என்று உடனே கேட்கத் தோன்றும். அந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் முடிவு மாறவில்லை. உதவியாளர்கள் மீது அவர்கள் குற்றம் சொல்லவில்லை. பாடத்திற்கு முன் உதவியாளரும் ஆசிரியரும் கலந்துபேச நேரம் ஒதுக்கப்படாததையும், உதவி பெறும் பிள்ளை ஆசிரியரின் பார்வையிலிருந்து விலகிப்போவதையும், பிள்ளை எதைப் புரிந்துகொண்டது என்பதைவிட வேலையை முடித்ததா என்பதிலேயே உதவியாளரின் கவனம் சென்றதையும் காரணங்களாகச் சுட்டினார்கள்.

இந்த மூன்றாவது காரணத்தை உங்கள் மேசையில் அழுத சிறுமியோடு சேர்த்துப் பாருங்கள். அவளுடைய அழுகையை நிறுத்த வேண்டும் என்று நீங்கள் நினைத்தது தாய்மனத்தின் இயல்பு. அதில் தவறு காண மாட்டேன். ஆனால், அந்தத் தாளை ஆசிரியை எதற்காகக் கேட்டு வாங்கினார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் கிடையா. எனவே, ஒரு பிள்ளைக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை என்பதை அறிய ஆசிரியருக்குக் கிடைப்பவை அன்றாடப் பயிற்சித்தாள்களும், பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்பதும், பக்கத்தில் நின்று பார்ப்பதும்தான். அந்தச் சிறுமி எந்த எழுத்தில் நின்றாள்? உயிர்மெய்க் குறியை மறந்தாளா, ஒலியையே பிரித்தறிய முடியவில்லையா, அல்லது பென்சில் பிடிப்பதிலேயே சிரமமா? தப்பும் தவறுமாக எழுதப்பட்ட சொல்லில் இவற்றுக்கு விடை இருக்கும். பெரியவர் ஒருவரின் கையெழுத்தில் அழகாக நிற்கும் சொல்லில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. மறுவாரப் பாடத்தைத் திட்டமிடும்போது, அவளுக்கு அந்தச் சொல் தெரியும் என்று ஆசிரியை நம்பிவிடவும் கூடும்.

ஆகவே, மீண்டும் எழுதச் சொன்னது சரிதான் என்பது என் கருத்து. சொன்ன முறையைப் பற்றிக் கேட்டால், உங்களைச் சற்றுத் தள்ளி அழைத்துப் பேசியிருக்கலாம் என்பேன். வேறு பிள்ளைகள் கைதூக்கிக் காத்திருக்கும் வேளையில் அது எப்போதும் முடிகிற காரியமன்று. அதை உங்களுக்கு எதிரான செயலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அப்படியொரு பிள்ளை அழுதால் என்ன செய்வது? முதலில் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அழும் பிள்ளைக்கு எழுத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. ஒரு நிமிடம் வேறு எதையாவது, தாளில் உள்ள படத்தைப் பற்றியோ அவள் வைத்திருக்கும் பென்சில் பெட்டியைப் பற்றியோ, பேசுங்கள். மூச்சு சீரானதும், எந்தச் சொல்லை எழுத விரும்புகிறாள் என்று வாயால் சொல்லக் கேளுங்கள். அந்தச் சொல்லை நீங்கள் மெதுவாகச் சொல்லி, எழுத்துக்கு ஒரு தட்டாக அவளைக் கைதட்ட வையுங்கள். முதல் எழுத்து எது என்று மட்டும் கேளுங்கள். சுவரில் எழுத்து அட்டவணை இருந்தால் அதில் தேடச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையென்றால், அவளுடைய தாளில் எழுதாமல் வேறொரு துண்டுத்தாளில் அந்தச் சொல்லை எழுதிக் காட்டுங்கள். அவள் பார்த்ததும் அதைத் திருப்பி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். எழுதியது பாதி சரியாக இருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். இப்படி உதவி பெற்று எழுதிய சொல்லின் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துவிடட்டுமா என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், அவருக்கும் தகவல் கிடைக்கும், உங்களுக்கும் மனம் உறுத்தாது. துண்டுத்தாளும் எட்டவில்லையென்றால் ஆசிரியையை அழைத்துவிடுங்கள்; அது தோல்வியன்று.

இந்தப் படிகளில் எதையும் அவசரமாகக் கடக்கக்கூடாது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவே பதிலுக்குக் காத்திருந்ததைக் கண்டார். மூன்று வினாடி அல்லது அதற்குமேல் காத்திருக்கப் பழகிய வகுப்புகளில் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று வினாடி என்பது சொல்லும்போது சிறிதாகத் தெரியும். ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் மூடி இருக்கும்போதுதான் அது எவ்வளவு நீளம் என்று விளங்கும். அனுபவமுள்ளவர்களுக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் விடை நமக்கு நாக்கின் நுனியிலேயே நிற்கிறது. மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது மொழியில் சிந்தித்துப் பேசும் பிள்ளைக்கு ஐந்து வரை எண்ணினாலும் தகும்.

வாசிப்புக்கும் இதே முறைதான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1970களின் பிற்பகுதியில் டெட் கிளின், ஸ்டூவர்ட் மெக்நாட்டன், விவியன் ராபின்சன் ஆகிய மூவர், வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோரே உதவும் வகையில் ஓர் எளிய முறையை உருவாக்கினார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லாதவர்களுக்காகவே அமைந்த முறை என்பதால் உலகின் பல இடங்களில் தொண்டூழியர்கள் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். பிள்ளை தடுமாறினால் ஐந்து வினாடி பொறுத்திருக்க வேண்டும். தவறாக வாசித்துவிட்டுத் தொடர்ந்தால் வாக்கியம் முடியும்வரை குறுக்கிடக்கூடாது. தானாகத் திருத்திக்கொள்ளவில்லையென்றால் ஒரு குறிப்புத் தரவேண்டும். இரண்டு குறிப்புகளுக்குப் பிறகும் வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே செல்ல வேண்டும். பிள்ளை தானாகத் திருத்திக்கொண்டால், எதைச் சரியாகச் செய்தாள் என்பதைக் குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டும். “வெரி குட்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “திரும்பிப் போய்ப் பார்த்து நீயே சரிசெஞ்சிட்டியே” என்று சொல்வது பிள்ளைக்கு அதிகம் உதவும்.

குறிப்புத் தருவதில்தான் திறமை இருக்கிறது. “பல்லி சுவரில் ஊர்ந்தது” என்பதை ஒரு சிறுவன் “பள்ளி சுவரில் ஊர்ந்தது” என்று வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘ல’வையும் ‘ள’வையும் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. “பள்ளி சுவர்ல ஊருமா?” என்று கேளுங்கள், அவன் சிரித்துவிட்டுத் தானே திருத்திவிடுவான். பொருள் பொருந்தி எழுத்து மாறியிருந்தால், எடுத்துக்காட்டாக ‘வீடு’ என்பதை ‘இல்லம்’ என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால், அப்போது எழுத்தை விரலால் காட்டலாம். ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகளில் பல பிள்ளைகள் தடுமாறுவதற்குத் தமிழ் எழுத்தின் அமைப்பே காரணம். ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகப் படித்துப் பழகிய கண், ஒற்றைக்கொம்பைப் பார்த்ததும் ‘கெ’ என்று சொல்லிவிட்டுப் பின்னால் வரும் காலைத் தனியாக என்ன செய்வது என்று விழிக்கிறது. கொம்பிலிருந்து கால்வரை முழு எழுத்தையும் உங்கள் இரு விரல்களுக்குள் காட்டி, “இது மூணும் சேர்ந்து ஒரே எழுத்து” என்று சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும். ‘பம்பரம்’ என்பதில் இரண்டு ‘ப’வும் வெவ்வேறு ஒலியாக வருவது இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு என்பதால், தமிழில் அது இல்லாதது அவர்களைக் குழப்புகிறது. அது கவனக்குறைவு அன்று. சொல்லைப் பலமுறை காதால் கேட்டிருந்தால்தான் அந்த வேறுபாடு தானாக வரும். விதி சொல்லிக்கொடுத்து வராது. அதற்குத்தான் நீங்கள் அவர்களோடு நிறையப் பேச வேண்டும்.

இங்கேதான் உங்கள் அடுத்த கேள்வி வருகிறது. பேச்சுத்தமிழை ஆசிரியை ஏற்றுக்கொள்வது அலட்சியத்தால் அன்று. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் தரமான பேச்சுத்தமிழுக்கு இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பள்ளியில் கற்கும் தமிழும் வாழ்வில் பேசும் தமிழும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போனால், பிள்ளைகள் தமிழைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டுமே நினைத்து, பேசுவதை விட்டுவிடுவார்கள் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. எழுதும்போது எழுத்துத்தமிழ், உரையாடும்போது படித்தவர்கள் பொதுவாகப் பேசும் பேச்சுத்தமிழ் என்பதே இன்று இங்குள்ள வகுப்புகளின் நடைமுறை. ஊரில் நீங்கள் கற்பித்த பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியே நாள் முழுதும் தமிழைக் கேட்டவர்கள். அவர்களுக்குப் பள்ளியில் எழுத்துத்தமிழை வலியுறுத்துவது பொருத்தமாக இருந்திருக்கும். இங்கே பல பிள்ளைகளுக்கு அந்த வகுப்பறைதான் தமிழ் பேசும் ஒரே இடம். “நேத்து அப்பாகூட ஸூவுக்குப் போனேன்” என்று ஒரு பிள்ளை ஆவலோடு சொல்ல வரும்போது, “நேற்று என் தந்தையுடன் விலங்குத் தோட்டத்திற்குச் சென்றேன் என்று சொல்” என்றால், அந்தப் பிள்ளை அடுத்த முறை விலங்குத் தோட்டத்தைப் பற்றி உங்களிடம் வாய் திறக்காது. உங்கள் கடிதமே அதற்குச் சான்று.

அப்படியானால் திருத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். திருத்தலாம், ஆனால் பேச்சை நிறுத்தாமல் திருத்த வேண்டும். “ஆன்ட்டி, என் இரேசர் மிஸ்ஸிங்” என்றால், “அழிப்பான் காணலையா? பைக்குள்ள பாத்தியா? மேசைக்குக் கீழ பாத்தியா?” என்று கேளுங்கள். தமிழ்ச் சொல் காதில் விழுந்துவிட்டது. பிள்ளைக்கும் தான் திருத்தப்பட்டதாகத் தோன்றவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் ‘அழிப்பான்’ என்று அதுவே கேட்கத் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை. அன்றைய பாடத்தில் கற்பிக்கப்படும் சொல்லை மட்டும் தமிழிலேயே சொல்லும்படி கேட்கலாம். மற்றச் சொற்களைப் பெரிதுபடுத்த வேண்டாம். உங்கள் வட்டாரத்து வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: நம் ஊர்ப் பேச்சில் நமக்கு இயல்பாக வரும் சில சொற்கள் இங்குள்ள பிள்ளைகளுக்குப் புரியாமல் போகலாம். அவர்களும் ‘பசியாறிட்டீங்களா’ என்று கேட்டு உங்களை வியக்க வைக்கலாம். அது இங்குள்ள தமிழ்.

ஆசிரியராக இருந்த அனுபவத்தை என்ன செய்வது என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் கேள்வி இருக்கிறது. அதைக் கவனிக்கும் பணிக்குப் பயன்படுத்துங்கள். ஆசிரியை முழு வகுப்பையும் நடத்தும்போது காண முடியாதவற்றை மூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் நீங்கள் காண்கிறீர்கள். ஒரு சிறுவன் புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் படிக்கிறான், இன்னொருத்தி வாய்மொழியாகச் சரியாகச் சொல்லிவிட்டு எழுதும்போது மட்டும் தடுமாறுகிறாள் என்பன போன்றவை. வகுப்பு முடிந்ததும் இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தால் ஆசிரியைக்கு அது பெரும் உதவி. கண்டதை மட்டும் எழுதுங்கள். ‘இவனுக்கு இந்தக் குறைபாடு’ என்ற முடிவை எழுதாதீர்கள். அதை அறிவதற்குப் பள்ளியில் பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். பாடம் தொடங்கும் முன் ஆசிரியையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியதும் சிறிதுதான்: இன்று இந்தப் பிள்ளைகள் எதைக் கற்கவேண்டும், எதில் நான் உதவக்கூடாது? இரண்டாவது கேள்வியைக் கேட்கும் தொண்டூழியர்கள் மிகக் குறைவு. கேட்டால் ஆசிரியைக்கு உங்கள்மேல் நம்பிக்கை கூடும். நடந்ததைப் பற்றியும் அப்போதே, “அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கக் கூடாது, இனி எப்படிச் செய்யட்டும்?” என்று கேட்டுவிட்டால் சங்கடம் அங்கேயே தீர்ந்துவிடும். அவர் வயதில் உங்களைவிட இளையவராக இருக்கலாம். வகுப்புக்குப் பொறுப்பு அவர்தான்.

அதேபோல, அந்த மூன்று பிள்ளைகளோடு ஆசிரியையும் வாரத்தில் சில நேரம் உட்காரும்படி நீங்களே இடம் ஏற்படுத்திக் கொடுக்கலாம். “நான் மற்றப் பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இவர்களோடு வாசியுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அதிக உதவி தேவைப்படும் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரின் நேரம் குறைந்துபோவதைத்தான் மேலே சொன்ன ஆய்வு எச்சரித்தது. முழுநேரமும் அவர்களை உங்களிடமே விட்டுவிடுவது உங்களுக்குப் பெருமையாக இருந்தாலும் அவர்களுக்கு நல்லதன்று.

உங்கள் மகன் அடம்பிடிப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் அவனுக்கு மட்டும் உரிய அம்மா, மற்றப் பிள்ளைகளின் தோளில் கைவைத்துப் பேசுவதை ஆறேழு வயதுப் பிள்ளை எளிதில் ஏற்றுக்கொள்ளாது. வகுப்பில் அவன் தவறு செய்தால் ஆசிரியை கவனித்துக்கொள்வார், நான் குறுக்கே வரமாட்டேன் என்று முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். அப்படியும் சரியாகவில்லையென்றால் வேறு வகுப்பில் உதவ அனுமதி கேளுங்கள். பல பள்ளிகளில் ஒரு நிலைக்கு ஒரே தமிழ் வகுப்புத்தான் இருக்கும் என்பதால், தொடக்கநிலை இரண்டுக்கோ, இடைவேளையில் நூலகத்தில் நடக்கும் வாசிப்புக்கோ மாறிக்கொள்ளலாம். சொல்லப்போனால், தொடக்கத்திலேயே இப்படிச் செய்வதைத்தான் நான் விரும்புவேன்.

வாட்ஸ்அப் விஷயத்தில் மட்டும் சற்றுக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வகுப்பில் நீங்கள் பார்ப்பதும் கேட்பதும் வகுப்பைவிட்டு வெளியே வரக்கூடாது. நல்ல செய்தியாக இருந்தாலும் கூடாது. ஏனென்றால், ஒரு தாயிடம் “உங்க பிள்ளை நல்லாப் படிக்குது” என்று சொல்லிவிட்டால், நீங்கள் எதுவும் சொல்லாத அடுத்த தாய்க்கு அந்த மௌனமே பதிலாகிவிடும். “நான் உதவிக்குத்தான் போகிறேன், பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதியில்லை, ஆசிரியையிடமே கேளுங்கள், விளக்கமாகச் சொல்வார்” என்று ஒருமுறை எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு அதற்காகத்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்பவர்கள் சில நாளில் சரியாகிவிடுவார்கள். தம் பிள்ளையைப் பற்றியும் நீங்கள் வெளியே பேசமாட்டீர்கள் என்பதை அவர்களே புரிந்துகொள்வார்கள். கணவரிடமும் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசவேண்டாம் என்பேன். செங்காங் மின்தூக்கிகளில் யார் யாருக்கு உறவு என்று யாருக்குத் தெரியும்?

மற்றவை பள்ளியில் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், சுருக்கமாக நினைவூட்டுகிறேன். நுழைவாயிலில் பதிந்து வருகையாளர் அட்டையை அணிந்துகொண்டே உள்ளே செல்லுங்கள். வகுப்பில் படம் எடுக்காதீர்கள். மிட்டாயோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள்: கடலை ஒவ்வாத பிள்ளை இருக்கலாம், ஹலால் அல்லாத ஜெலட்டின் கலந்த மிட்டாயை ஒரு முஸ்லிம் பிள்ளை அறியாமல் வாயில் போட்டுக்கொள்ளலாம். கழிப்பறைக்குப் பிள்ளையை நீங்கள் தனியாக அழைத்துச் செல்ல வேண்டாம். ஆசிரியையிடம் சொன்னால் துணைக்கு இன்னொரு பிள்ளையை அனுப்புவார். பிள்ளை சொற்பேச்சுக் கேட்காவிட்டால் ஆசிரியையிடம் சொல்லுங்கள்; மிரட்டுவதும், முதல்வரிடம் அழைத்துப்போவேன் என்று பயமுறுத்துவதும் உங்கள் வேலையன்று. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களை நம்பத் தொடங்கிய பிள்ளை, தன்னை யாரோ அடிப்பதாகவோ பயமுறுத்துவதாகவோ ஒருநாள் சொல்லக்கூடும். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று அப்போது வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். பிள்ளை சொன்னதை அமைதியாகக் கேட்டு, சொன்ன சொற்களிலேயே, அன்றைக்கே, நீங்கள் பள்ளியைவிட்டுக் கிளம்பும் முன் ஆசிரியையிடம் தெரிவித்துவிடுங்கள். அதன் பிறகு செய்ய வேண்டியதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக வேலையைப் பற்றி. தொண்டூழியத்திற்குத் தொடக்கநிலை ஒன்று சேர்க்கையில் ஒரு பயன் உண்டு என்பது பலரும் அறிந்ததே: விரும்பும் பள்ளியில் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டு ஜூலை முதல் தேதிக்குள் தொண்டூழியராகச் சேர்ந்து, சேர்க்கை ஆண்டின் ஜூன் இறுதிக்குள் குறைந்தது 40 மணி நேரம் சேவை செய்தவர்கள் 2பி கட்டத்தில் விண்ணப்பிக்கலாம். உங்கள் மகன் ஏற்கெனவே அங்கே படிப்பதால் உங்களுக்கு அது தேவைப்படாது. வேலைக்கு இந்தச் சேவை தகுதிச் சான்றாகாது. கல்வி அமைச்சு ஒப்பந்த முறையிலும் பகுதி நேரமாகவும் ஆசிரியர்களை எடுப்பதுண்டு. அதற்குரிய கல்வித் தகுதியும் நேர்காணலும் தனி. நிரந்தர ஆசிரியராக விரும்பினால் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறவேண்டியிருக்கும். உங்கள் பட்டச் சான்றிதழ்களையும் ஊரில் பணிபுரிந்த பள்ளியின் அனுபவச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு, அமைச்சின் இணையத்தளத்தில் தமிழாசிரியர் பணிக்கான நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். நேர்காணலில், “படிக்கச் சிரமப்படும் ஒரு பிள்ளைக்கு நீங்கள் எப்படி உதவினீர்கள்?” என்று கேட்டால், அந்த மூன்று பிள்ளைகளோடு இனிவரும் தவணைகளில் நீங்கள் செய்யப்போவதிலிருந்து, பெயர் எதையும் குறிப்பிடாமல், பதில் சொல்லலாம்.